கல்யாண வீடியோவை எடுத்துக்கொண்டு டிவி கடைக்குப் போங்கள்

வாசகியின் கேள்வி:

ஐயா, பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். வீட்டில் இருந்த பழைய 21 அங்குல டிவி போன மாதம் ஒரேயடியாக நின்றுவிட்டது. 40 ஆயிரம் ரூபாய்க்குள் புதிதாக வாங்கலாம் என்று தருமபுரியில் மூன்று கடை ஏறி இறங்கினோம். ஒரு கடையில் இரண்டு டிவியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பாருங்கக்கா, இது கண்ணைப் பறிக்குது, அது மங்கலா இருக்கு" என்று கடைப் பையன் காட்டினார். உண்மைதான், பளிச்சென்று இருந்ததைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பார்த்தால் அழுக்குத் துணி மாதிரி இருந்தது. ஆனால் அதே பளிச் டிவியை வாங்கிய என் கொழுந்தனார் வீட்டில் படம் அப்படி இல்லை, முகமெல்லாம் மெழுகு மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டில் அரசு கேபிள் பாக்ஸ்தான். அப்பா யூடியூபில் தெருக்கூத்து பார்ப்பார். அவருக்குப் போன மாதம் ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆனது. கடையில் எந்த டிவியைப் பார்த்தாலும் "நீலமா இருக்கு" என்கிறார், எனக்கு அப்படித் தெரியவில்லை. 43 வாங்குவதா, 55 வாங்குவதா? கடையில் நின்றுகொண்டு படம் நல்லதா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்வது?

பதில்:

அம்மா, வணக்கம். அந்த "அழுக்குத் துணி" என்ற வார்த்தையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நீங்கள் ஒதுக்கிய அந்த டிவிதான் இரண்டில் நல்லதாக இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கிருஷ்ணகிரியில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக டிவி பழுது பார்க்கிறவன் என்ற முறையில், கடையில் தோற்றுப்போன டிவி வீட்டில் ஜெயித்ததை நிறைய பார்த்திருக்கிறேன்.

கண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு வெளிச்சத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கூடுதலாக இருப்பதை "நல்லது" என்று எடுத்துக்கொள்ளும், மற்றதை "மங்கல்" என்று தள்ளிவிடும். அந்த மங்கலை மட்டும் தனியாக ஓர் அறையில் வைத்துப் பத்து நிமிடம் பார்த்தால் மங்கல் என்ற நினைப்பே வராது. கடையில் கூரை முழுக்க விளக்கு. அந்த வெளிச்சத்தோடு போட்டி போட்டு ஒரு படம் கண்ணில் விழ வேண்டும் என்றால் திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை, அதாவது பேக்லைட்டை, உச்சத்தில் வைத்து, நிறத்தை ஏற்றி, கூர்மையையும் ஏற்றித்தான் ஆக வேண்டும். அதற்கென்றே ஒவ்வொரு டிவியிலும் ஒரு பிக்சர் மோடு இருக்கிறது. விவிட், டைனமிக் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். உங்கள் வீட்டுக் கூடத்தில் ராத்திரி எட்டு மணிக்கு ஒரே ஒரு ட்யூப்லைட் எரியும். அங்கே அதே மோடில் ஓடினால் முகம் மெழுகாகத்தான் தெரியும். உங்கள் கொழுந்தனார் வீட்டில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். அவர் டிவி கெட்டுப்போகவில்லை. செட்டிங் கடையிலேயே நின்றுவிட்டது.

இன்னொன்றும் உண்டு. புது டிவியை முதல் தடவை ஆன் செய்யும்போது, "வீட்டு உபயோகமா, கடைக் காட்சிக்கா" என்று பெரும்பாலான டிவி ஒரு கேள்வி கேட்கும். மாட்ட வருகிற பையன் அவசரத்தில் கடை என்பதை அமுக்கிவிட்டுப் போய்விடுவதுண்டு. இரண்டு வருடம் முன்பு ஊத்தங்கரை பக்கமிருந்து ஒருவர் 50 அங்குல டிவியைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். "நான் வெளிச்சத்தைக் குறைச்சு வைக்கிறேன், கொஞ்ச நேரத்துல அதுவா ஏறிக்குது. போர்டு போயிருச்சு போல" என்றார். போர்டு போகவில்லை. கடை மோடில் இருந்தால் நாம் மாற்றுகிற செட்டிங்கை டிவியே சில நிமிடத்துக்கு ஒரு முறை பழையபடி ஏற்றிக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்கள் ரிமோட்டை நோண்டிவிட்டுப் போவார்கள் என்று அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். மெனுவில் ஒரே ஓர் இடத்தை மாற்றினேன். காசு வாங்க மனசு வரவில்லை, ஆட்டோ வாடகைதான் அவருக்கு நட்டம். கொழுந்தனாரையும் அந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பிக்சர் மோடை சினிமா என்றோ மூவி என்றோ மாற்றச் சொல்லுங்கள். ஒருவேளை அவர் பிரச்சினை இன்று சாயங்காலமே தீர்ந்துவிடும்.

இதெல்லாம் தெரிந்த நானும் ஏமாந்தவன்தான். 2011இல் என் தங்கைக்கு ஓசூரில் ஒரு எல்சிடி டிவி எடுத்தேன். வரிசையில் எது பளபளப்போ அதைக் கை காட்டினேன். வீட்டுக்கு வந்ததும் என் அம்மா கேட்டார், "எல்லாரும் பவுடர் அப்பிட்டு வந்து செய்தி வாசிக்கிறாங்களே, ஏன்டா?" டிவி மெக்கானிக் வீட்டிலேயே இந்தக் கதை.

சரி, அடுத்த முறை கடைக்குப் போனால் முதல் வேலை, ரிமோட்டைக் கையில் வாங்குங்கள். தயங்க வேண்டாம், 40 ஆயிரம் கொடுக்கப் போகிறவர் நீங்கள். ஒப்பிடப் போகிற இரண்டு டிவியையும் சினிமா மோடுக்கோ ஸ்டாண்டர்டுக்கோ மாற்றச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வகை மோடில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். மாற்றியவுடன் படம் மஞ்சளடித்த மாதிரி தெரியும். "பாத்தீங்களாக்கா, இதுக்குத்தான் நாங்க மாத்துறதில்ல" என்று பையன் சொல்வார். அவசரப்படாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். டிவி நிகழ்ச்சியும் சினிமாவும் தயாராகும் இடத்தில் வெள்ளை என்பதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள், 6500 கெல்வின் என்று சொல்வோம். சினிமா மோடின் வெள்ளை அதற்குக் கிட்டே வரும். கடை மோடின் வெள்ளை அதைவிட வெகுவாக நீலம் கலந்தது, சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி. நீலம் கலந்த வெள்ளை கூடுதல் வெளுப்பாகத் தெரிகிறது என்று சலவைக்காரருக்குத் தெரிந்த ரகசியம் டிவிக்காரருக்கும் தெரியும்.

இங்கே உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். அவர் சொல்வது பொய்யில்லை அம்மா. வயதாகும்போது கண்ணின் லென்ஸ் மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறும், அந்த மஞ்சள் நீல நிறத்தைத் தடுத்து வைத்துக்கொள்ளும். ஆபரேஷனில் அதை எடுத்துவிட்டுத் தெளிவான லென்ஸ் வைத்ததும், பல வருடம் தடுக்கப்பட்டிருந்த நீலம் திடீரென்று உள்ளே வரும். அவருக்கு இப்போது ஒரு கண் மட்டும் ஆகியிருக்கிறது. ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றதை மூடி, வெள்ளைச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு கண்ணுக்கும் இரண்டு வெள்ளை தெரிவதை அவரே சொல்வார். போகப் போகப் பழகிவிடும். அதற்கு மேல் கடை மோடின் நீலமும் சேர்ந்தால் அவர் "நீலமா இருக்கு" என்று சொல்லாமல் என்ன சொல்வார்? சினிமா மோடில் வைத்துக் காட்டுங்கள். அவர் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், கடையில் ஓடும் அந்த டெமோ வீடியோ. பஞ்சவர்ணக் கிளி, தேன் சொட்டுவது, தண்ணீரில் மை கரைவது, ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரின் ராத்திரி விளக்குகள். கம்பெனிக்காரர் அந்த பேனலில், அதாவது படம் தெரியும் திரைப் பலகையில், எது அழகாகத் தெரியுமோ அதைப் பொறுக்கி, மெதுவாக நகரும் படமாக எடுத்து, அதிகத் தகவலோடு பதிந்து அனுப்புவது. அதில் கோளாறு தெரியவே தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்தக் கிளியின் சிவப்பு நிஜத்தில் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியுமா? நம் பக்கத்தில் யாரும் அதை மரத்தில் பார்த்ததில்லை. தெரியாத நிறத்தை வைத்து எந்த டிவி சரி என்று சொல்ல முடியாது. பெங்களூரா மாங்காயைக் காட்டினால் சொல்லிவிடுவோம். அது பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்புகிற பக்குவம் கிருஷ்ணகிரிக்காரன் கண்ணுக்கு மனப்பாடம், கொஞ்சம் கூடிப்போனாலும் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததோ என்று சந்தேகம் வந்துவிடும்.

அதனால் உங்கள் வீட்டில் சமீபத்தில் நடந்த கல்யாண வீடியோவை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உலகத்தில் எந்த டெமோ வீடியோவையும்விட உங்களுக்கு அது நல்ல சோதனை. முகூர்த்தப் புடவை அரக்கு என்று உங்களுக்குத் தெரியும், பீரோவில் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள். டிவியில் அது ரத்தச் சிவப்பாக எரிந்தால் நிறம் தப்பு. சித்தி, அத்தை முகமெல்லாம் எந்த நிறம் என்று தெரியும். நம் ஆட்களின் மாநிறத்தைச் சரியாகக் காட்டுவது சுலபமில்லை. ஒரு டிவியில் ஆரஞ்சு கலந்து வரும், இன்னொன்றில் சாம்பல் பூத்து நிற்கும். முகத்தில் எண்ணெய் மினுக்கும் இடத்தைப் பாருங்கள், அது ஒரே வெள்ளைத் திட்டாகப் போய்விடக் கூடாது. மாப்பிள்ளை வேட்டியின் மடிப்புகள் தெரிகின்றனவா, வெறும் வெள்ளைத் தாளா? மணப்பெண் பின்னலில் முடி முடியாகத் தெரிகிறதா, கறுப்பு மை ஊற்றினதா? ஸ்டுடியோக்காரர் கொஞ்சம் மெருகேற்றித்தான் கொடுத்திருப்பார், பரவாயில்லை. எல்லா டிவியிலும் அதே மெருகுதானே ஓடப்போகிறது.

பென்டிரைவில் முழுக் கல்யாணத்தையும் ஏற்ற வேண்டாம். சாதாரண பென்டிரைவ்கள் பல, ஒரே கோப்பு 4 ஜிபிக்கு மேல் போனால் ஏற்றுக்கொள்ளாது. தாலி கட்டும் ஐந்து நிமிடம், ராத்திரி வரவேற்பு ஐந்து நிமிடம் வெட்டி எடுத்தால் போதும், எம்பி4 வடிவில். கூடவே பையனை விட்டு இரண்டு படம் போட்டு வையுங்கள். போனில் படம் வரையும் ஆப்பில் முழுத் திரையும் ஒரே சாம்பல் நிறம், இன்னொன்று முழுக் கறுப்பு. சாம்பலைத் திரையில் போட்டுப் பத்தடி தள்ளிப் பார்த்தால் அழுக்குக் கை பட்ட சுவர் மாதிரி திட்டுகளும் கோடுகளும் தெரியும் டிவிகள் உண்டு. கிரிக்கெட்டில் கேமரா மைதானத்தைத் துழாவும்போது பச்சைக்குள் நிழல் கோடுகள் ஊர்வது அதனால்தான். கறுப்பைப் போட்டால் மூலைகளில் பேக்லைட் கசிவது தெரியும். லேசான கசிவு எல்இடி டிவி எல்லாவற்றிலும் இருக்கும். மூலையில் டார்ச் அடித்த மாதிரி இருந்தால் வேண்டாம்.

இப்போது உங்கள் கேபிள். "பழைய டிவியில் நன்றாகத்தானே இருந்தது, புதுசில் ஏன் கலங்கலாக இருக்கிறது" என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சாதாரண எஸ்டி பாக்ஸ் தருகிற படம் குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576. உங்கள் பழைய 21 அங்குலத் திரையின் அகலம் சுமார் 41 சென்டிமீட்டர். 720 புள்ளியை அதில் பரப்பினால் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒன்பது அடி தூரத்திலிருந்து நல்ல கண்ணால் பிரித்தறிய முடிவது சுமார் 0.8 மில்லிமீட்டர். அதனால் புள்ளி தெரியவில்லை, படம் கூர்மை. 43 அங்குல டிவியின் அகலம் 95 சென்டிமீட்டர், அதே புள்ளி 1.3 மில்லிமீட்டராக விரிகிறது. 55 அங்குலத்தில் கிட்டத்தட்ட 1.7. கலங்காமல் என்ன செய்யும்? 4கே டிவியில் 80 லட்சத்துக்கு மேல் புள்ளி இருக்கிறது, பாக்ஸிலிருந்து வருவது நாலு லட்சத்துச் சொச்சம். ஒன்றை இருபதாக இட்டு நிரப்பும் வேலையை டிவிக்குள் இருக்கும் சிப் செய்கிறது. அந்த வேலையில்தான் நல்ல டிவிக்கும் மட்டமான டிவிக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், டெமோ வீடியோவில் தெரியாது.

எனவே கடையில் "சாதாரண சேனல் போடுங்க, ஹெச்டி வேண்டாம்" என்று கேளுங்கள். கேபிளோ டிஷ்ஷோ இல்லை என்றால் யூடியூபைத் திறந்து ஏதாவது ஒரு தமிழ்ச் செய்தி சேனலைப் போட்டு, தரத்தை 480க்கு இறக்கச் சொல்லுங்கள். அச்சு அசலாக உங்கள் கேபிள் இல்லை என்றாலும் கிட்டத்தட்ட அந்தக் கதிதான். அதில் கீழே ஓடும் எழுத்தைப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு கட்டினால் கூர்மையை ஏற்றி வைத்திருக்கிறார்கள், குறைக்கச் சொல்லுங்கள். குறைத்த பிறகும் எழுத்து ஓடும்போது வால் விட்டுக்கொண்டு போனாலோ, தடுக்கித் தடுக்கி நகர்ந்தாலோ, அந்த டிவியில் கபடியும் கிரிக்கெட்டும் அப்படித்தான் இருக்கும். இந்தச் சோதனைக்குக் காசும் வேண்டாம், விஷய ஞானமும் வேண்டாம். நான் கடைக்குப் போனால் முதலில் பார்ப்பதே ஓடும் எழுத்தைத்தான்.

ஒரு சின்ன விஷயம், வாங்குவதற்கு முன்பே பாருங்கள். உங்கள் பாக்ஸின் பின்னால் ஹெச்டிஎம்ஐ துளை இருக்கிறதா, இல்லை மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயர் மட்டும்தானா? அந்த மஞ்சள் ஒயர் வழியாக வரும் படத்தில் நிறம் ஓரத்தில் வழியும். புது டிவிகள் சிலவற்றில் அந்த ஒயர் சொருக இடமே இருப்பதில்லை, சிலவற்றில் தனியாக ஒரு சின்ன பின் தேவைப்படும். ஹெச்டி பாக்ஸாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேபிள்காரரைக் கேளுங்கள். அந்தச் செலவு, டிவியில் இன்னும் ஐந்தாயிரம் கூட்டிப் போடுவதைவிடப் படத்தை அதிகம் மாற்றும்.

அப்பாவின் கூத்துக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம். ராத்திரியில் எடுத்த தெருக்கூத்து வீடியோ என்பது டிவிக்குக் கடுமையான பரீட்சை. துரியோதனன் வேடக்காரர் அணியும் கட்டையில், அதாவது மரத்தில் செய்த கிரீட அணிகலன்களில், பதித்த கண்ணாடித் துண்டுகளில் ஃபோகஸ் லைட் பட்டுத் தெறிக்கும், அதற்குப் பின்னால் கும்மிருட்டு. நல்ல பேனலில் இருட்டு இருட்டாக இருக்கும், கண்ணாடி தனியாக மின்னும். மோசமான பேனலில் பின்னாடி இருட்டு முழுவதும் சாம்பல் புகை மண்டிக் கிடக்கும், கிரீடமும் சோபை இழந்து போகும். கடையில் அப்பா வழக்கமாகப் பார்க்கும் ஒரு கூத்தையே போடச் சொல்லுங்கள். பையன் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

உங்கள் விலைக்குள் வருவது பெரும்பாலும் இரண்டு வகை பேனல். விஏ என்பது ஒன்று, ஐபிஎஸ் என்பது இன்னொன்று. விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஐபிஎஸ்ஸைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளுத்துப் போகும். ஐபிஎஸ் பக்கவாட்டில் நிறம் மாறாது, கறுப்பு மட்டும் சாம்பல். டப்பாவில் இதை எழுதியிருக்க மாட்டார்கள், விற்பவருக்கும் பெரும்பாலும் தெரியாது. நீங்களே கண்டுபிடிக்கலாம். முகம் தெரியும் காட்சியில் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, நேரே நின்று பாருங்கள், பிறகு நடந்து நன்றாக ஓரத்துக்குப் போய்ப் பாருங்கள். அதோடு விடாமல் தரையில் குந்தியும் பாருங்கள். நம் வீடுகளில் டிவியை கதவு உயரத்துக்கு ஆணியடித்து மாட்டிவிட்டு, கீழே பாய் விரித்து உட்கார்ந்துதானே பார்க்கிறோம். கடையில் எல்லா டிவியும் கண் மட்டத்தில் இருக்கும், வீட்டில் நாம் அதை அண்ணாந்து பார்ப்போம். கீழிருந்து பார்க்கும்போது முகம் வெளுத்துப் பேயறைந்த மாதிரி ஆனால், அந்த டிவியை உயரத்தில் மாட்டாதீர்கள், மேசை மேல் வையுங்கள்.

உங்களுக்கு என் யோசனை: அப்பாவின் கட்டில் டிவிக்கு நேராக இருக்கிறது என்றால் விஏ பேனலாகப் பார்த்து எடுங்கள், கூத்து நன்றாக இருக்கும். அவர் கட்டில் ஓரத்தில், சன்னல் பக்கம் என்றால் ஐபிஎஸ். பிள்ளைகள் எங்கே உட்கார்ந்தாலும் பார்த்துவிடுவார்கள், அவர்களை விடுங்கள்.

43ஆ, 55ஆ? கடையில் நாலடி தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்திருப்பீர்கள், அங்கே 43 சின்னதாகத் தோன்றும், பக்கத்திலேயே 65, 75 மாட்டியிருப்பதால் இன்னும் சின்னதாக. வீட்டில் கட்டிலிலிருந்து சுவர் வரை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். கடையின் தரை டைல்ஸ் பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி. உங்கள் வீட்டில் ஒன்பது அடி என்றால் நாலரை டைல்ஸ் எண்ணிப் பின்னால் போய் நின்று பாருங்கள். அந்தத் தூரத்தில், 43இல் ஃபுல் ஹெச்டிக்கும் 4கேவுக்கும் புள்ளி வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இரண்டுமே நான் சொன்ன 0.8 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். இப்போது அந்த அளவில் வருவது பெரும்பாலும் 4கேதான், வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் 4கே என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கேபிளே பிரதானம் என்றால் 43 போதும். ஹெச்டி பாக்ஸும் யூடியூபும் என்றால், தூரமும் பத்தடிக்கு மேல் என்றால், 55 கேளுங்கள். ஆனால் 40 ஆயிரத்தில் நல்ல 43 கிடைக்கும், அதே பணத்தில் 55 எடுத்தால் எங்கேயோ கை வைத்திருப்பார்கள். பெரும்பாலும் பேனலில்தான்.

மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஹெச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடைவெளி அதிகம் வைத்துத் தயாரித்த படம். டிவியில் அப்படி எழுதியிருந்தால் அந்த வகைப் படத்தை டிவி வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம். திரை வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வோம். அப்படிப்பட்ட படங்களை 1000 நிட்ஸ், அதற்கு மேலும் வெளிச்சம் வைத்துத் தயாரிப்பார்கள். உங்கள் விலையில் வரும் டிவிகள் பெரும்பாலும் 300 நிட்ஸ் பக்கத்தில் நின்றுவிடும். க்யூஎல்இடி என்பதும் எல்இடி டிவிதான், நிறத்துக்கு ஒரு படலம் கூடுதல். ஓஎல்இடிதான் வேறு ஜாதி, பேக்லைட்டே இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், அது உங்கள் பட்ஜெட்டில் வராது. மோஷன் 120, 200 என்று எண் போட்டிருந்தால் பேனல் எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்று தனியாகக் கேளுங்கள், பாதிப் பேர் 60 என்பார்கள், மீதிப் பேர் மேனேஜரைக் கூப்பிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமோ ஆடித் தள்ளுபடிக் கூட்டத்திலோ போகாதீர்கள், ரிமோட்டைக் கையில் தர மாட்டார்கள். வார நாளில் காலை பதினோரு மணிக்குப் போனால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள், கூத்து கூடப் போட்டுக் காட்டுவார்கள். முடிந்தால் ஒரு வரிசை விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். பழைய விலைப்பட்டியலைக் காட்டித் தள்ளுபடி என்றால் கவனம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேலான டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கிவிட்டது. அந்தக் குறைப்பையே தன் தள்ளுபடி மாதிரி சொல்பவர்களும் இருக்கக்கூடும்.

பார்த்த பீஸையே கொடுத்தால் வாங்காதீர்கள். அது தினம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பேக்லைட் உச்சத்தில் எரிந்த டிவி. பேக்லைட் ஸ்ட்ரிப் சூட்டில்தான் சாகும், என் பட்டறைக்கு வரும் "சத்தம் வருது, படம் வரல" கேஸ்களில் நிறைய அதுதான். சீல் உடைக்காத பெட்டி கேளுங்கள். வீட்டில் மாட்ட வந்த ஆளை உட்கார வைத்து, அதே பென்டிரைவில் அந்தச் சாம்பல் படத்தையும் கறுப்பையும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பேனல் மாற்ற வேண்டி வந்தால் அநேகமாக டிவி விலையில் பெரும் பங்கு அதற்கே போய்விடும்.

கடையை விட்டுக் கிளம்பும்போது பென்டிரைவைக் கழற்ற மறக்காதீர்கள். காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவர் மறந்துவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து அவர் மச்சான் போன் செய்து, "மாமா, கடையில 75 அங்குலத்துல உங்க பொண்ணு கல்யாணம் ஓடிட்டிருக்கு, நீங்க பந்தியில ரெண்டாவது தடவை பாயசம் கேக்குறது எல்லாருக்கும் தெரியுது" என்று சொன்னாராம்.